ஒரு கபடி அணியின் பருவமும் நாம் படிக்க வேண்டிய பாடமும்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன் எழுதியது)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "மெக்கானிக்கல் பசங்க யாராவது பம்ப் பத்தி எழுதுங்கப்பா" என்று மலர்க்குழு அண்ணன்கள் சொன்னார்கள். நான் கபடியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தார்கள். சிரித்தது நியாயம்தான். விளையாட்டைப் பற்றி எழுதினால் "வெற்றி தோல்வி சகஜம்" என்று முடித்து விடுவோம் என்று நினைத்திருப்பார்கள். இந்தக் கட்டுரையில் கூட்டல் கழித்தல் கணக்கு உண்டு. கடைசியில் ஒரு பம்பும் உண்டு. ஆகவே பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக் கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா குவாரியில் லோடு ஏற்றுகிற வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். "படிக்கப் போறியா, மண்ணுல உருளப் போறியா தம்பி?" என்று அப்பா கேட்காத வாரம் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலாகவும்தான் இதை எழுதுகிறேன்.

பருவம் என்றால் என்ன?

நம் பக்கத்துக் கபடி எல்லாருக்கும் தெரியும். பொங்கல் வந்தால், கோயில் திருவிழா வந்தால், ஊருக்கு ஊர் மின்னொளி கபடிப் போட்டி. சாயங்காலம் பேர் கொடுத்தால் விடிகாலை நாலு மணிக்குள் முதல் பரிசு யாருக்கு என்று தெரிந்து விடும். ஒரு ஆட்டம் தோற்றால் பையைத் தூக்கிக் கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பாலிடெக்னிக்குகளுக்கு இடையே நடக்கும் மண்டலப் போட்டியிலும் அதே கதைதான்.

லீக் முறை வேறு. அதில் ஒரு அணி எல்லா அணிகளோடும் மாறி மாறி ஆடும். புரோ கபடி லீக்கில் 12 அணிகள். 2022-ல் ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடு இரண்டு இரண்டு முறை ஆடியது. ஆக 22 ஆட்டம். இரண்டு மாதத்துக்கு மேல் ஓடும் வண்டி அது. இதைத்தான் பருவம் என்கிறோம். ஒரு நாள் நன்றாக ஆடினால் போதாது. காயம் வரும், சோர்வு வரும், தொடர்ந்து தோற்கும் வாரம் வரும். அத்தனையையும் தாங்கிக் கொண்டு கடைசியில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் கணக்கு.

நம்முடைய செமஸ்டர் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஒரு நாள் பரீட்சையில் வெளுத்து வாங்கினால் மட்டும் டிப்ளமோ கையில் வந்து விடாது. லேப் ரெக்கார்டு வேண்டும், வருகைப் பதிவு வேண்டும், ஆறு செமஸ்டரும் கடக்க வேண்டும்.

தமிழ் தலைவாஸ் 2022

நமது மாநிலத்தின் பெயரைத் தாங்கிய அணி தமிழ் தலைவாஸ். 2017-ல், லீக்கின் 5-வது பருவத்தில் சேர்ந்தது. பேரும் புகழும் உள்ள ஆட்டக்காரர்கள் இருந்தும் என்னவோ கைகூடவில்லை. 5-வது, 6-வது பருவங்களில் தன் பிரிவில் கடைசி இடம். 7-வது பருவத்தில் 12 அணிகளில் 12-வது இடம். 8-வது பருவத்தில் 11-வது இடம். மனத்தி கணேசன், ராஜரத்தினம் போன்ற அர்ஜுனா விருது வீரர்களைத் தந்த மாநிலத்து அணி இப்படிக் கிடந்தது. டீக்கடையில் "தலைவாஸா? அது கீழ இருந்து படிச்சா முதல்ல வரும்" என்று கிண்டல் செய்வார்கள். எனக்குக் கோபம் வரும்.

2022 ஆகஸ்டில் ஏலம். பவன் செராவத் என்ற ரைடரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது தலைவாஸ். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. கேப்டனும் அவர்தான். இந்த வருஷம் கோப்பை நமக்கே என்று நானும் என் சித்தப்பா மகனும் பந்தயமே கட்டினோம்.

அக்டோபர் 8-ந் தேதி பெங்களூரில் முதல் ஆட்டம், குஜராத் ஜயன்ட்ஸுடன். முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்காலில் அடி. மைதானத்தை விட்டுத் தூக்கிச் சென்றார்கள். அதோடு அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2 கோடியே 26 லட்சம் போட்டு வாங்கிய எஞ்சின் முதல் நாளிலேயே சீஸ் ஆகிப் போனது!

அந்த ஆட்டம் 31-31 என்று டை ஆனது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் கணக்கில் வருகிறது. அடுத்த இரண்டு ஆட்டங்களும் தோல்வி. சில ஆட்டங்களுக்குள் பயிற்சியாளரும் மாறினார். அஷன் குமார் பொறுப்பேற்றார். எங்கள் தெருவில் டி.வி.யை நிறுத்தி விட்டார்கள். நானும் பந்தயத்தில் தோற்றதாக ஒத்துக் கொண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்து விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். பவனுடைய வேலையை யார் செய்வது? நரேந்தர் என்ற இளைஞருக்கு அதுதான் புரோ கபடியில் முதல் பருவம். ஏலத்தில் பெரிய விலைக்கு வந்தவர் இல்லை, இளம் புதுமுகமாகச் சேர்க்கப்பட்டவர். அந்தப் பருவம் முடிந்தபோது அவர் எடுத்திருந்த ரைடு புள்ளிகள் 243. கேப்டன் பொறுப்பை சாகர் ராத்தி ஏற்றார். அவர் ரைட் கார்னரில் நிற்கிற பிடி ஆட்டக்காரர். பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அவருக்கும் காயம். அப்புறம் பிளே-ஆஃபில் அஜிங்க்யா பவார் தலைமை தாங்கினார். ஒரே பருவத்தில் மூன்று கேப்டன்கள்!

கடைசியில் 22 ஆட்டங்களில் 10 வெற்றி, 8 தோல்வி, 4 டை. மொத்தம் 66 புள்ளி, 5-வது இடம். முதல் ஆறு இடங்களுக்குத்தான் பிளே-ஆஃப். தலைவாஸ் பிளே-ஆஃபுக்குப் போனது அதுவே முதல் தடவை.

டிசம்பர் 13-ந் தேதி மும்பையில் எலிமினேட்டர், உ.பி. யோதாஸுடன். 36-36 என்று மறுபடியும் டை! டை-பிரேக்கர் வைத்தார்கள். இரு பக்கமும் ஐந்து ஐந்து ரைடு, ஒவ்வொரு ரைடுக்கும் வேறு வேறு ஆள் பாடிப் போக வேண்டும். அவுட்டானாலும் யாரும் வெளியே போக வேண்டியதில்லை, ஏழு பேரும் நிற்பார்கள். வழக்கமான போனஸ் கோட்டுக்குப் பதிலாக, அதற்கு முன்னால் இருக்கும் பாக் கோடே போனஸ் கோடாகக் கணக்கில் வரும். அதில் 6-4 என்று தலைவாஸ் ஜெயித்தது. கவனியுங்கள், ஐந்து வேறு ஆட்கள் பாட வேண்டும். ஒரே ஒரு சூரப்புலியை நம்பியிருக்கும் அணி டை-பிரேக்கரில் தேறுவது கஷ்டம்.

டிசம்பர் 15-ல் அரையிறுதி, புனேரி பல்டனுடன். 37-39. இரண்டே புள்ளியில் போனது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. இறுதி ஆட்டத்தில் புனேரியை 33-29 என்று வென்று ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் கோப்பையைத் தூக்கியது.

66 புள்ளி எங்கிருந்து வந்தது?

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். அன்றைய விதிப்படி வெற்றிக்கு 5 புள்ளி. டை ஆனால் இருவருக்கும் 3 புள்ளி. தோற்றாலும், 7 அல்லது அதற்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி. அதற்கு மேல் தோற்றால் பூஜ்யம்.

10 வெற்றி × 5 = 50.
4 டை × 3 = 12.
கூட்டினால் 62. மொத்தம் 66 என்பதால், மீதி 4 புள்ளி நெருங்கித் தோற்ற ஆட்டங்களில் இருந்து வந்தது. அதாவது 8 தோல்வியில் 4 தோல்வி நெருக்கமான தோல்வி.

தபாங் டெல்லியும் அந்தப் பருவத்தில் 10 ஆட்டம்தான் ஜெயித்தது. ஆனால் டை 2, தோல்வி 10. ஆக 50 + 6 = 56; நெருங்கித் தோற்றதில் 7; மொத்தம் 63. ஆறாவது இடம். வெற்றி எண்ணிக்கை சமம், ஆனால் தலைவாஸ் ஒரு படி மேலே. ஏழாவது இடத்தில் நின்று வாய்ப்பை இழந்த ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு 61 புள்ளி.

இனி இப்படி யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு டையையும் தலைவாஸ் கடைசி நிமிஷத்தில் ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்தில் கோட்டை விட்டிருந்தால்? 3 புள்ளிக்குப் பதில் 1 புள்ளி. நாலு ஆட்டத்துக்கு 8 புள்ளி நட்டம். 66-ல் 8 போனால் 58. 61 எடுத்த ஹரியானாவே வெளியே நின்றது என்றால், 58-க்கு எங்கே கதவு திறக்கும்? ஆக, பவன் அடிபட்டு விழுந்த அந்த முதல் நாள், கேப்டன் இல்லாமல் மிச்ச நேரத்தை ஓட்டி 31-31 என்று நிறுத்தினார்களே, அந்த மாதிரி நான்கு ஆட்டங்கள்தான் டிசம்பர் 13 வரை அணியைக் கொண்டு வந்து சேர்த்தன. அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து "ஜெயிக்கலையே" என்று தலையில் அடித்துக் கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்து விட்டு, "இதுல என்னடா ஆச்சரியம்? மழை வந்து மத்தியானத்தோட வேலை நின்னுபோனாலும் அரை நாள் கூலிய வாங்காம நான் வந்திருக்கனா? அந்த அரை நாள் கூலிதான்டா உனக்கு பஸ் காசு" என்றார். எனக்கு ஒரு பக்கம் கணக்குப் போட்டு விளங்கியது, அவருக்கு ஒரே வார்த்தையில் தெரிந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகும். 2025-ல் 12-வது பருவத்தில் இந்தப் புள்ளி முறையை மாற்றி விட்டார்கள். வெற்றிக்கு 2, தோல்விக்கு 0. லீக் ஆட்டம் டை ஆனாலும் டை-பிரேக்கர் வைத்து முடிவு காண்பது என்று ஆனது. ஆகவே மேலே போட்ட கணக்கு 2022-க்குத்தான் பொருந்தும். விதி மாறினால் ஆடும் விதமும் மாற வேண்டும் என்பதும் ஒரு பாடம்தானே. சிலபஸ் மாறியது தெரியாமல் பழைய நோட்ஸை வைத்துப் படித்து அரியர் வாங்கிய நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

கடல் தாண்டி ஒரு கல்லூரி அணி

இது நம்ம ஊர் அணிக்கு மட்டும் வாய்த்த கதையா என்று தேடியபோது ஒரு அமெரிக்கக் கல்லூரி அணியின் கதை கிடைத்தது. அமெரிக்கன் ஃபுட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. ஹெல்மெட் போட்டுக் கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக் கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம், ஏறத்தாழ 91 மீட்டர்.

நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். 10 கெஜம் என்றால் ஏறத்தாழ 9 மீட்டர், நம் கபடி ஆடுகளத்தின் அகலத்தை விடக் கொஞ்சம் குறைவு. நான்காவது முயற்சியிலும் முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். இது நமக்குப் புதிதா? புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரைடு 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காமல் திரும்பினால் பாடிப் போனவர் அவுட், எதிராளிக்கு ஒரு புள்ளி. கடல் கடந்தாலும் விளையாட்டின் மூளை ஒன்றுதான்.

அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் என்பவர்தான் எல்லாம். நம் முதல் ரைடர் மாதிரி. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி 2014-ல் பருவம் தொடங்கும் முன்பே, ஆகஸ்டு பயிற்சியில், தன் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லரைத் தோள்பட்டைக் காயத்தில் இழந்தது. இரண்டாவது ஆள் ஜே.டி. பாரெட் வந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக் அணியிடம் சொந்த மைதானத்தில் 21-35 என்று தோல்வி. அப்புறம் தேறி, அடுத்தடுத்து ஜெயித்துக் கொண்டே வந்தார்கள். நவம்பர் கடைசியில் மிச்சிகன் அணியுடன் ஆடும்போது பாரெட்டின் கணுக்கால் முறிந்தது.

இப்போது மூன்றாவது ஆள், கார்டேல் ஜோன்ஸ். அதுவரை ஒரு கல்லூரி ஆட்டத்தையும் முதல் ஆளாக நின்று தொடங்கியதில்லை. டிசம்பர் 6-ந் தேதி அவர் தொடங்கிய முதல் ஆட்டமே பிக் டென் என்ற பிரிவின் இறுதிப் போட்டி. விஸ்கான்சின் அணியை 59-0 என்று வென்றார்கள். 2015 ஜனவரி 1-ந் தேதி முதல் நிலை அணியான அலபாமாவை 42-35. ஜனவரி 12-ந் தேதி தேசிய இறுதிப் போட்டியில் ஒரெகான் அணியை 42-20. மூன்றாவது ஆளை வைத்துக் கொண்டு நாட்டின் சாம்பியன்! ஜோன்ஸ் மட்டும் ஜெயித்தார் என்று சொல்லக் கூடாது. எசிகீல் எலியட் என்ற ஓட்டக்காரர் அந்த மூன்று ஆட்டத்திலும் ஒவ்வொன்றில் 200 கெஜத்துக்கு மேல் ஓடினார். புதியவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் பலமாக நிற்க வேண்டும்.

மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. இதே ஜோன்ஸ் 2012-ல், கல்லூரிக்கு வந்த புதிதில், நாங்கள் ஆடத்தானே வந்தோம், வகுப்புக்கு எதற்குப் போக வேண்டும் என்கிற பொருளில் ட்விட்டரில் எழுதி விட்டார். ஊரே சிரித்தது. ஒரு ஆட்டத்தில் இடம் கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். அதே ஜோன்ஸ் 2017-ல் அதே பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். கோப்பை வாங்கியதை விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. அப்பாவின் கேள்விக்கு நான் தேடிய பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

குளத்தூரிலிருந்து போன நம் அணி

இனி நம் கதை. இதை மலரில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் செய்தியாகி விடும்.

இந்த ஆண்டு மண்டலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நம் கேப்டன் அண்ணன் ஒரு ஊர்ப் போட்டியில் ஆடப் போனார். மண்ணைச் சரியாகக் கொத்தி விடாத களம். கீழே சரளை. பாடிப் போய்த் திரும்பும்போது கால் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் பிசகி விட்டது. முதலுதவிக்கு அங்கே ஒரு ஐஸ் கட்டிகூட இல்லை. கோலி சோடா கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் கட்டி, பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போனோம்.

நான் அணியில் ஒன்பதாவது ஆள். இரண்டு வருஷமாக என் வேலை ஸ்கோர் நோட்டு எழுதுவது, தண்ணீர் பாட்டில் எடுத்து வைப்பது. தினமும் சாயங்காலப் பயிற்சியில் ஏழு பேர் ஆடுவார்கள், நானும் இன்னும் மூன்று பேரும் கோட்டுக்கு வெளியே நிற்போம். ஆள் குறைந்தால் பிடி ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். பாடிப் போகச் சொன்னதே இல்லை.

போட்டி அன்று காலை கீரனூர் வந்து திருச்சி பஸ் ஏறினோம். முதல் ஆட்டம் எப்படியோ ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டத்தில் இன்னொரு ரைடருக்குத் தொடையில் பிடித்துக் கொண்டது. பி.டி. சார் என்னைப் பார்த்து, "நீ இறங்குப்பா" என்றார். ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்கிறார் என்று.

கடைசி மூன்று நிமிஷம். 27-28 என்று ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். மூன்றாவது ரைடு, 'டூ ஆர் டை'. என் முறை. எதிரே ஆறு பேர். ஆறு பேர் நின்றால் போனஸ் உண்டு என்று எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாக நோட்டில் எழுதியவன் ஆயிற்றே. போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து, பின்னங்காலைத் தூக்கி விட்டு வந்தால் போதும், புள்ளி சமம். ஆனால் தெரிவது வேறு, கால் செய்வது வேறு. லெஃப்ட் கார்னர் என் கணுக்காலைப் பிடித்தான். அவ்வளவுதான். 27-29. விசில் வரை அதுவே நின்றது.

பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கேப்டன் அண்ணன் முழங்காலில் கட்டோடு எங்களோடு வந்திருந்தார். கீரனூர் நெருங்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டேய் தம்பி, உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராதுடா. ரெண்டு வருஷத்துல நீ பாடிப் போய் நான் ஒரு நாள் பாத்ததில்ல. பாக்கணும்னு நெனச்சதும் இல்ல. கேப்டனா அது என் தப்பு" என்றார். நான், "விடுங்கண்ணே" என்றேன். வேறென்ன சொல்வது?

ஸ்டாண்ட்-பை பம்ப்

இப்போது மலர்க்குழு கேட்ட பம்ப் வருகிறது. முக்கியமான இடங்களில் ஒரு பம்ப் ஓடும், பக்கத்தில் இன்னொன்று ஸ்டாண்ட்-பையாக நிற்கும். பராமரிப்புப் பாடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது என்ன? ஸ்டாண்ட்-பையைச் சும்மா நிறுத்தி வைக்காதே, முறை வைத்து அதையும் ஓட்டு. மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் கிளாண்டு பேக்கிங் காய்ந்து போகும், ஷாஃப்ட் இறுகும், பேரிங்கில் துரு ஏறும். முதல் பம்ப் நின்ற அன்று சுவிட்சைப் போட்டால் 'உம்' என்று சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது.

மண்டலப் போட்டியில் நான்தான் அந்தப் பம்ப். நரேந்தருக்கும் ஜோன்ஸுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் திறமை மட்டும் என்று விட்டு விடலாம். உண்மையில் அவர்கள் என்னை விட ஆயிரம் மடங்கு திறமைசாலிகள்தான். ஆனால் திறமை பாதி, ஓட்டிப் பார்த்தது பாதி. அணி எடுத்த ஆட்களை எல்லாம் ஆட்டக்காரர்களாக வைத்திருந்ததா, அல்லது ஏழு பேரை ஆட்டக்காரர்களாகவும் மற்றவர்களைப் பை தூக்குபவர்களாகவும் வைத்திருந்ததா என்பதே கேள்வி.

என்ன செய்யலாம்?

அடுத்த ஆண்டு ஆடப் போகும் தம்பிகளுக்கும், புதிதாகப் பொறுப்பேற்கும் மாணவர் மன்றத்துக்கும் என் வேண்டுகோள்கள் இவை.

1. வாரத்தில் ஒரு நாள் பயிற்சியில் முதல் ஏழு பேர் வெளியே நிற்கட்டும். மற்றவர்கள் ஆடட்டும், முக்கியமாகப் பாடிப் போகட்டும். 'டூ ஆர் டை' என்று சொல்லியே பாட விடுங்கள். அந்தப் பயம் பயிற்சியிலேயே பழக வேண்டும்.

2. ஸ்கோர் நோட்டை வெறும் வெற்றி தோல்விக்காக எழுதாமல், யார் எத்தனை முறை பாடினார், எத்தனை வெறுங்கை, எந்தப் பக்கம் பிடிபட்டார் என்று எழுதுங்கள். நான் எழுதிய இரண்டு வருஷ நோட்டு பி.டி. சார் அறையில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே இடது பக்கம் திரும்பும்போதுதான் நாம் அதிகம் பிடிபடுகிறோம் என்பது தெரியும்.

3. மன்ற நிதியில் இருந்து ஒரு முதலுதவிப் பெட்டியும் முழங்கால் பட்டைகளும் வாங்கித் தர வேண்டும். மேட் வாங்க நம்மால் முடியாது, தெரியும். ஆனால் களத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, மணல் பரப்ப மண்வெட்டியும் இருபது பேரும் போதும். நாம் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம்.

4. போட்டி நெருங்கும் மாதத்தில் வெளிப் போட்டிக்குப் போவதைத் தவிர்க்கலாம். முதல் பரிசுப் பணத்தில் ஆளுக்கு வருவது சில நூறு ரூபாய். சில பேருக்கு அது ஃபீஸ் காசு என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போனால் களத்தை முதலில் கையால் தொட்டுப் பாருங்கள்.

5. காயம் பட்டவரை விட்டு விடக் கூடாது. நம் கேப்டன் அண்ணனுக்கு மூன்று வாரம் வகுப்பு போனது. டிராயிங் ஷீட்டை அவர் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தது இரண்டே பேர். அவர் அந்தப் பேப்பரில் தேறியதும் நம் அணியின் கணக்கில் ஒரு வெற்றிதான்.

அந்த அண்ணன் இப்போது மெதுவாக ஓட ஆரம்பித்து விட்டார். மனசு விடும்போதெல்லாம் அவருக்கு ஒரு தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். 2022 அக்டோபரில் முழங்காலில் அடிபட்டு முதல் ஆட்டத்தோடு வெளியே போன பவன் செராவத், சரியாக ஒரு வருஷம் கழித்து, 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குக் கேப்டனாக நின்று, இரானை 33-29 என்று வென்று தங்கம் வாங்கினார்.

முடிவாக

தமிழ் தலைவாஸ் 2022-ல் கோப்பை வாங்கவில்லை. அடுத்து வந்த 10-வது, 11-வது பருவங்களில் பிளே-ஆஃபுக்கும் போகவில்லை. ஒரு நல்ல பருவம் வந்து விட்டால் எல்லாம் சரியாகி விட்டது என்று நினைக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் முதலில் இருந்து கட்ட வேண்டும். ஒரு செமஸ்டர் முழுதாகத் தேறியவனுக்கு அடுத்த செமஸ்டரில் சலுகை ஏதும் உண்டா?

எனக்கு இது கடைசி வருஷம். அந்த ரைடை மறுபடி ஆடிப் பார்க்க எனக்கு வாய்ப்பு கிடையாது. ஆனால் இந்த மாதம் முதல் ஜூனியர் தம்பிகள் நான்கு பேருக்குச் சாயங்காலம் போனஸ் கோட்டில் கால் வைக்கப் பழக்கிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒருவன் இப்போது ஒன்பதாவது ஆள். அவனிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுத்தேன். கூடவே, "எழுதுறது முக்கியம், ஆனா முதல்ல நீ பாடிட்டு வந்து எழுது" என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அப்பா வேலை முடிந்து வரும் வழியில் நம் மைதானத்து வேலி ஓரம் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், "சொல்லிக் குடுக்குறியா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். "பரீட்சை எப்போ?" என்றார். தேதியைச் சொன்னேன். தலையை ஆட்டி விட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். உருளப் போறியா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.